பட்டனின் மடங்கிய காது

போன வாரம் ஊருக்குப் போயிருந்தவர்களுக்காக, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்னறையில், கப்பில் படம் பதியச் சூடுபோடும் மெஷின் பக்கத்தில் அப்பா மயங்கி விழுந்தார். நாய் போய் அம்மாவைக் கூட்டி வந்தது. மிச்சத்தை ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டது.

நாய் கூட்டி வந்த விதத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குரைத்திருந்தால் அம்மா, "சும்மா கெட, சனியனே" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்திருப்பாள். அது குரைக்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய் அம்மாவின் வலது குதிகாலைக் கவ்வியது. அம்மா நகர்ந்தாள். இடது குதிகாலைக் கவ்வியது. இன்னும் நகர்ந்தாள். இப்படியே ஒரு முழு மனுஷியைக் கூடத்தின் வழியாக ஓட்டிக்கொண்டு வந்து, விழுந்து கிடந்த அப்பாவின் முன்னால் நிறுத்திவிட்டு உட்கார்ந்தது.

பயிற்சி எதுவும் கிடையாது. கார்கி என்பது மாடு மேய்க்கப் பிறந்த இனம். மாட்டின் குதிகாலைக் கடித்து ஓட்டும். மாடு திருப்பி உதைத்தால் உதை தலைக்கு மேலே போய்விடும், அவ்வளவு கட்டையான கால்கள். உடம்பைப் பெரிய நாய்க்காகத் தைத்துவிட்டு, கால் வரும்போது துணி பற்றாமல் போனது மாதிரி இருக்கும். வால் கிடையாது. கர்வம் உண்டு.

இந்த வீட்டில் மாடு இல்லாததால் அது மனிதர்களை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தது. குடும்பம் மொத்தமும் ஒரே அறையில் இருந்தால்தான் அதற்கு நிம்மதி. யாராவது தனியாக எழுந்து போனால் பின்னாலேயே போய்க் குதிகாலைத் தொட்டுத் திருப்பிக் கூட்டி வரும். அதனால்தான் அதன் பெயர் சூப்பர்வைசர்.

வீட்டின் முன்னறைதான் கடை. முன்பெல்லாம் பிறந்தநாள், பணி ஓய்வு, பிரிவு உபசாரம் என்று எதற்குக் கேட்டாலும் காபி கப்பில் படம் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூத்த மகன், வீட்டில் பெரியவன் என்று அழைக்கப்படுபவன், ஒரு யோசனை சொன்னான். கார்கி வளர்க்கிறவர்களுக்கு மட்டுமே கடை நடத்தலாம். அவரவர் நாயின் முகத்தைப் போட்டுக் கப், குஷன், கம்பளி, சாவிக்கொத்து, மிதியடி.

"கட்டக்கால் நாயை நம்பி எவனாவது கடை வைப்பானா?" என்றார் அப்பா.

வார்த்தை வளர்ந்தது. பெரியவன் வீட்டை விட்டுப் போனான். அவன் போன சில மாதங்களில் கார்கி வளர்க்கிறவர்கள் தாங்களாகவே தேடி வர ஆரம்பித்தார்கள். இப்போது கடையில் வேறு வேலையே நடப்பதில்லை. (மிதியடிக்கு மட்டும் முகம் வேண்டாம், பின்பக்கத்தைப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.) பெரியவன் சொன்னது சரி என்று அப்பா இன்றுவரை சொன்னதில்லை. அவன் பேச்சையே எடுத்ததில்லை. சூப்பர்வைசரைக் குட்டியாகச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அவன்தான் என்பது, எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம்.

இன்று அப்பா வீட்டுக்கு வருகிறார்.

சின்னவன் காலையிலேயே குளித்து, அயர்ன் செய்த சட்டை போட்டு, கையில் ஓர் அட்டைப் பெட்டியுடன் கூடத்தில் நின்றான். பெட்டிக்குள் ஒரே ஒரு கப். இந்தக் குடும்பம் இதுவரை செய்ததிலேயே முக்கியமான கப் அதுதான் என்று அவன் நம்பினான்.

அது ஒரு நர்ஸுக்காக. ஆள் ஆறடிக்கு மேல், அகலமும் அதற்கு ஈடு. அப்பா அவருக்கு வைத்த பெயர் மலை. முதல் இரண்டு நாள் அப்பா யாரிடமும் பேசவில்லை, எதையும் சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். மூன்றாம் நாள் மலை கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் தன் போனைக் காட்டினார். திரையில் ஒரு கார்கி. ஒரு காது விறைப்பாக நின்றது, இன்னொன்று பாதியில் மடங்கி விழுந்திருந்தது. அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அந்தக் காதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கஞ்சி குடித்தார்.

அந்த நாயின் பெயர் பட்டன். மலையின் வீடு வேறு ஊரில். மனைவியும் பட்டனும் அங்கே. வேலைக்காக இங்கே வந்த மலை ஆறு மாதமாகப் பட்டனைப் போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகச் சொந்த ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டது. இன்று மதியம் ட்யூட்டி மாறும்போது அவர் இந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போகிறார். அதற்குள் கப் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். போய்விட்டால் போனதுதான்.

கப்பில் என்ன எழுதுவது என்று நேற்று ஒரு சண்டை நடந்திருந்தது.

"'எங்கள் இல்லத்தின் விளக்கை அணையாமல் காத்த அன்புச் சகோதரருக்கு' அப்படின்னு ஆரம்பிச்சு..." என்றாள் அம்மா.

"ஆரம்பிச்சா? அம்மா, இது கப். கல்வெட்டு இல்ல," என்றாள் அக்கா.

"அப்ப நீயே சொல்லு."

"நன்றி. அவ்வளவுதான்."

"ஒத்த வார்த்தையா? பஸ்ல எடம் குடுத்தவனுக்குச் சொல்ற மாதிரி இருக்கு."

விஷயம் போன் வழியாக ஆஸ்பத்திரி வரைக்கும் போனது. அப்பா இருமிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "எழுத்தே வேணாம். படம் போதும். அவருக்கு அது புரியும்."

அப்படியே செய்தார்கள். எழுத்து இல்லாமல் போனதில் ஒரு வம்பு இருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

*

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். ஆஸ்பத்திரிக்கு அவளுடைய ஸ்கூல் காரில்தான் போனார்கள். கூரையில் பலகை, பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக்.

வார்டில் அப்பா சொந்தச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். சட்டை ஒரு வாரத்தில் ஒரு சைஸ் பெரிதாகியிருந்தது. அம்மா மாத்திரை, துண்டு, பிளாஸ்க் என்று ஒவ்வொன்றாகப் பைக்குள் அடுக்கினாள். டாக்டர் வந்து, கொஞ்ச மாதத்துக்குச் சூடான மெஷின் பக்கம் நிற்கவே கூடாது என்றார். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அந்தக் குடும்பத்தில் ஒருவரும் நம்பவில்லை.

"கொண்டாந்தியா?" என்றார் டாக்டர் போனதும்.

சின்னவன் பெட்டியைத் திறந்து கப்பை நீட்டினான். வண்ணம் அழுத்தமாக வந்திருந்தது. மூக்கின் ஈரம் கூடத் தெரிந்தது. தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா 'பரவாயில்லயே' என்று சொல்லப் போகிறார் என்று அவன் காத்திருந்தான்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கழற்றினார். மறுபடியும் மாட்டினார்.

"திருப்பலியா?"

சின்னவன் குனிந்து கப்பைப் பார்த்தான்.

இந்தத் தொழிலில் படத்தைத் தாளில் இடம்வலம் மாற்றித்தான் அச்சிட வேண்டும். அந்தத் தாளைக் கப்பின் மேல் சுற்றிச் சூடு வைத்தால் படம் கப்பில் ஏறி நேராகிவிடும். மாற்றாமல் அச்சிட்டால் கப்பில் எல்லாம் இடம்வலம் மாறி வரும். எழுத்து இருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். வெறும் நாய் முகத்தில் யார் கண்டுபிடிப்பார்கள்? அதனால்தான் சின்னவன் கம்ப்யூட்டரில் அச்சுக்குக் கொடுக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் பின்னறையிலிருந்து ஒரு குரல் வரும்: "திருப்பினியா?" வருஷக்கணக்காக வரும். "திருப்பிட்டேன்ப்பா, காது கிழியுது" என்று இவனும் வருஷக்கணக்காகப் பதில் சொல்லியிருக்கிறான்.

இந்த ஒரு வாரமாக அந்தக் குரல் இல்லை.

"மடங்கினது வலது காது," என்றார் அப்பா. "தெனமும் பாத்திருக்கேன். நீ எடது காத மடக்கி வச்சிருக்க."

"ஒரு காதுதானேப்பா. யாருக்குத் தெரியப் போவுது?"

"அவருக்குத் தெரியும்."

"ரொம்ப நல்லாருக்குன்னு வாங்கிட்டுப் போயிடுவாரு."

"அதான் சொல்றேன். வாங்கிட்டுப் போயிடுவாரு. நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வீட்ல வச்சு தெனமும் காபி குடிக்கும்போது இது யார் வீட்டு நாய்னு யோசிப்பாரு." அப்பா கப்பை அம்மாவிடம் கொடுத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துப் படுத்துக்கொண்டார். "சரியானது வர்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து எழுந்திருக்க மாட்டேன்."

"எல்லாரும் எப்படா விடுவாங்கன்னு இருப்பாங்க. இவரு போக மாட்டேங்கிறாரு," என்றாள் அம்மா கூரையைப் பார்த்து.

"வண்டிச் சாவி என்கிட்டதான் இருக்கு," என்றாள் அக்கா. "வாடா."

*

"அக்கா, கொஞ்சம் வேகமாப் போயேன்."

"பெல்ட்டப் போடு."

"போட்டுட்டேன்."

"கண்ணாடியப் பாரு."

"நான் ஏன் பாக்கணும்? நீதானே ஓட்டற?"

"பழக்கதோஷம்," என்றாள் அக்கா. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காலியாகக் கிடந்த தெருவில், பள்ளிக்கூட வாசலில் போகிற வேகத்தில் போனாள். ஒரு சைக்கிள்காரர் அவர்களைத் தாண்டிப் போனார். போகும்போது கூரைப் பலகையைப் படித்துவிட்டு, பரிதாபமாகச் சிரித்தார்.

பதற்றத்தில் சின்னவன் ஆக்சிலரேட்டரை மிதிப்பது போலக் காலை அழுத்தினான். அவன் காலடியில் இருந்தது பிரேக். வண்டி நடுரோட்டில் குலுங்கி நின்றது.

அக்கா திரும்பி அவனைப் பார்த்தாள். "இதுக்குத்தான் உன்னைப் பின்சீட்ல உக்காரச் சொன்னேன்."

வீட்டில் சூப்பர்வைசர் வாசலிலேயே இருந்தது. ஓடி வந்து இரண்டு பேரையும் முகர்ந்தது. இரண்டுதானா என்பது போலக் கார் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. ஒரு வாரமாக அதற்குக் கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது. இன்று அம்மாவையும் காணோம். உள்ளே வந்து சின்னவனின் குதிகாலைக் கவ்வி, அக்கா நின்ற பக்கமாகத் தள்ளியது. மந்தையை அதற்கு மேல் குறையவிட அது தயாராக இல்லை.

"இருடா, எல்லாரையும் கூட்டிட்டு வந்துடறேன்," என்று சொல்லிக்கொண்டே சின்னவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

மலை அனுப்பியிருந்த படம் திரையில் வந்தது. நேற்று இதில் பட்டனின் முகத்தை மட்டும் விட்டுவிட்டு, மலையின் தோள், சுவர், சுவரில் மாட்டிய கடிகாரம் எல்லாவற்றையும் குப்பை என்று வெட்டித் தள்ளியிருந்தான். இன்று முகத்தையே உற்றுப் பார்த்தான். வலது காதுதான் மடங்கியிருந்தது. அப்பா சொன்னது சரி. எரிச்சலாக இருந்தது. எரிச்சலாக இருந்ததில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அச்சிடப் போகும் நேரத்தில் போன் அடித்தது. அம்மாவின் எண். ஆனால் பேசியது அம்மா இல்லை.

"திருப்பினியா?"

சின்னவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். ஒரு வாரமாக அந்த வீட்டில் இல்லாமல் இருந்தது என்ன என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. மெஷின் ஓடியது, ஃபேன் சுற்றியது, குழாயில் தண்ணீர் வந்தது. இது வரவில்லை.

"டேய். கேக்குதா? திருப்பினியா?"

"திருப்பிட்டேன்ப்பா."

"இன்னொரு தடவ பாரு."

"பாத்துட்டேன்ப்பா."

"என்னடா, சண்டைக்கு வராமப் பதில் சொல்ற? ஒடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்கேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "நீங்க கேட்டுக்கிட்டே இருங்க."

தாளைக் கப்பின் மேல் சுற்றி, டேப் ஒட்டி, மெஷினில் வைத்தான். அப்பா விழுந்த இடத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் அந்த அறைக்குள் வரவில்லை. நிலைப்படியில் நின்று, அவன் வெளியே வரும் வரைக்கும் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

சூடான கப்பைத் துணியில் சுற்றி அக்கா மடியில் வைத்துக்கொள்ளப் போனாள். பிறகு, தான்தான் ஓட்ட வேண்டும் என்பது ஞாபகம் வந்து அவனிடமே கொடுத்தாள். அவன் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வார்டில் வேறொரு நர்ஸ் நின்றிருந்தாள். ட்யூட்டி மாறிவிட்டது.

சின்னவன் தாழ்வாரத்தில் ஓடினான். லிஃப்ட் வாசலில் சாதாரணச் சட்டையில், தோளில் பெரிய பையுடன் மலை நின்றிருந்தார். அவரால் போக முடியவில்லை. காரணம், லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே ஒரு சக்கர நாற்காலி. அதில் அப்பா. பின்னால் அம்மா, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி.

"இல்லம்மா, ட்ரெயினுக்கு நேரமாச்சு," என்று மலை கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சக்கரம் நகர மாட்டேங்குது தம்பி," என்றாள் அம்மா முகம் மாறாமல். "என்னன்னு தெரியல."

சூப்பர்வைசரிடமிருந்து அம்மா நிறையக் கற்றுக்கொண்டிருந்தாள்.

சின்னவன் மூச்சு வாங்கக் கப்பை நீட்டினான். இன்னும் சூடு ஆறவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். கடைசியில், "அண்ணா, இது... உங்களுக்கு," என்று மட்டும்தான் வந்தது.

மலை துணியைப் பிரித்தார். அவ்வளவு பெரிய கையில் கப் பொம்மைச் சாமான் மாதிரி இருந்தது. பார்த்தார். கட்டைவிரலால் மடங்கிய காதை ஒரு தடவை தடவினார்.

"அப்படியே போன்ல இருக்கற மாதிரியே இருக்கு," என்றார்.

அப்பா மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அம்மாவுக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ள வராது. "இதுக்காகத்தான் தம்பி உங்கள நிறுத்தினோம். முதல்ல போட்டது தப்பாப் போச்சு. காது மாறிப் போச்சுன்னு இவரு ஒரே பிடிவாதம்." பையைத் திறந்து, துண்டில் சுற்றிய முதல் கப்பையும் எடுத்துக் காட்டினாள். "இங்க பாருங்க, கூத்த."

மலை அதை வாங்கிப் பார்த்தார். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

"அம்மா. இதாம்மா பட்டன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"அவனுக்கு எடது காதுதான் மடங்கும். குட்டியா இருந்தப்பலேர்ந்து அப்படித்தான்." சிரித்தார். "போன்ல இருக்கறது இங்க வர்றதுக்கு முன்னாடி நான் எடுத்த செல்ஃபி சார். என் போன்ல செல்ஃபி எடுத்தா எல்லாம் கண்ணாடியில பாக்கற மாதிரிப் பக்கம் மாறித்தான் பதியும். பின்னாடி கடிகாரத்தப் பாத்தாலே தெரியும், நம்பர் எல்லாம் திரும்பி இருக்கும்."

அக்கா சின்னவனைப் பார்த்தாள். "கடிகாரத்த என்ன பண்ணின?"

"வெட்டிட்டேன்."

ஆக, படம் முதலிலேயே பக்கம் மாறியிருந்தது. சின்னவன் திருப்ப மறந்தபோது அது தானாகவே நேராகிவிட்டது. அப்புறம் குடும்பமே சேர்ந்து, டாக்டர் அனுப்பியும் போகாமல் உட்கார்ந்து, ஊரைக் கடந்து காரோட்டிப் போய், சரியாக இருந்ததைத் தப்பாக்கிக் கொண்டு வந்திருந்தது.

அப்பா இரண்டு கப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு வாரமா நான் வலது காதத்தான் பாத்துட்டிருந்தேன்."

"நானும்தான் சார். ஆறு மாசமா." மலை இரண்டையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டார். "இவன் வீட்ல இருக்கறவன். இவன் இங்க என்கூட இருந்தவன்." கொஞ்சம் யோசித்தார். முதல் கப்பைத் தன் பையில் துணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தார். இரண்டாவதை அப்பாவின் மடியில் வைத்தார். "நாளைக்கு நான் பட்டன நேர்லயே பாத்துடுவேன். இவன் உங்ககிட்ட இருக்கட்டும். உங்களக் கஞ்சி குடிக்க வச்சவன் இவன்தானே."

அப்பா கப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "நன்றி" என்றார். ஒற்றை வார்த்தை போதாது என்று அம்மா அப்போது வாதாடவில்லை.

"எனக்கு மட்டும் சொல்லாதீங்க சார். போன் காட்டினது என் யோசனை இல்ல." மலை பையைத் தோளில் மாட்டினார். "உங்க பெரிய பையன் சொன்னது. 'அப்பாகிட்ட நாயப் பத்திப் பேசுங்க, சாப்பிடுவாரு'ன்னு. தெனமும் வார்டு வாசல் வரைக்கும் வருவாரே. உள்ள வாங்கன்னா வர மாட்டாரு. சாப்பிட்டாரான்னு கேட்டுட்டுப் போயிடுவாரு." சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ உறைத்தது. "உங்களுக்குத் தெரியாதா?"

அப்பாவும் அக்காவும் சின்னவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் பையின் ஜிப்பை மூடினாள். ஏற்கெனவே மூடியிருந்த ஜிப்பைத் திறந்து, மறுபடியும் மூடினாள்.

சக்கரம் இப்போது நகர்ந்தது.

*

வீட்டுக்கு வரும் வழியில் அக்காவின் வேகத்தைப் பற்றிக்கூட யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கார் நின்றதும் சூப்பர்வைசர் பாய்ந்து வந்தது. அப்பாவின் செருப்பை முகர்ந்தது, வேட்டியை முகர்ந்தது. வாலில்லாத குறைக்கு இடுப்பு மொத்தத்தையும் ஆட்டியது. ஆட்டிய வேகத்தில் பின்கால் இரண்டும் வழுக்கி உட்கார்ந்துவிட்டது. பிறகு கடமை ஞாபகம் வந்தது. குதிகால் குதிகாலாகத் தொட்டு நான்கு பேரையும் கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தது. அப்பா நாற்காலியில், அம்மா தரையில், அக்கா சுவரோரம், சின்னவன் கதவோரம். ஒரு வாரத்துக்குப் பிறகு எல்லோரும் ஒரே அறையில்.

"பாரு, இப்பப் படுத்துக்கும்," என்றாள் அக்கா.

அது படுக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பிறகு எப்போதும் போல வாசல் கதவுக்கு முன்னால் போய், வெளியே பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருஷமாகத் தினமும் செய்வதுதான். காவல் காக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மாடு மேய்க்கிற நாய் ஏன் காவல் காக்கிறது என்று ஒருவரும் யோசித்ததில்லை.

சின்னவன் இன்றுதான் யோசித்தான். அது கணக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு ஆள் குறைந்தது.

அப்பாவும் நாயின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் வலது காது மடங்கிய பட்டன்.

"டேய் சின்னவனே. நாளைக்கு ஒரு கப் போடணும்."

"டாக்டர் மெஷின் பக்கமே..."

"நான் வரல. நீதான் போடப் போற. நான் இங்க உக்காந்து கேப்பேன்."

"என்ன படம்ப்பா?"

"சூப்பர்வைசர் படம்." பிறகு, "எழுத்தும் வேணும்," என்றார்.

அம்மா நிமிர்ந்தாள். கல்வெட்டுக்கு இடம் கிடைக்கும் போலத் தோன்றியது.

"என்ன எழுதறது?" என்றான் சின்னவன்.

அப்பா கப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றிருந்தது அது.

"'நீ சொன்னது சரி.' அவ்வளவுதான்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோர் மனசிலும் இருந்ததைக் கேட்டாள்: "சரிப்பா. எங்க கொண்டு போய்க் குடுக்கறது? அவன் எங்க இருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

"நான் போய் அஞ்சு பேருக்குக் காபி போடறேன்," என்றாள் அம்மா. எழுந்து யார் முகத்தையும் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள்.

ஒரு ஆள் தனியாக அறையை விட்டுப் போகிறது. சூப்பர்வைசர் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும்.

அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் காது இரண்டும் விறைத்தன. பிறகு, மெதுவாக, இடுப்பு ஆட ஆரம்பித்தது.